பதினாறடி அறையில் நின்ற அலை

1940 ஜூன் 16, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறந்து முதல் வாரம் ஓடிவிட்டது. ஐந்தாம் பாரம் வகுப்பில் சென்ற வருஷத்தைவிடப் பெண்கள் அதிகம். ஒலிப் பாடத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். பிடித்த பாடத்தில் தொடங்கினால் வருஷம் முழுக்க நன்றாகப் போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை மெல்ல இறக்கி, வாயருகே டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பிடித்தேன். ஓரிடத்துக்கு வந்ததும் குழாய் தானாகப் பாடியது. கடைசி பெஞ்சில் ஒருத்தி, “பேய் இருக்கு டீச்சர்” என்று எழுந்தே விட்டாள். அவளையே முன்னால் கூப்பிட்டுக் குழாயைப் பிடிக்கச் சொன்னேன். மணி அடித்த பிறகும் விடவில்லை.

மத்தியானம் மதினி கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். வேறு விசேஷம் இல்லை. விசேஷம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் இன்று சங்கத்து அறையைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனார். எங்கள் தெரு வாசக சங்கம் ரேடியோ வாங்கப் போகிறது. திருச்சிராப்பள்ளியில் நிலையம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. நம் ஊரில் பெரிய வீடுகளில் மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்து கேட்க ஒரு அறை வேண்டும் என்று சங்கம் நினைத்ததும், அண்ணன், “கட்டடம் என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டார். கூலி வாங்கவில்லை. புதுக்கோட்டையில் அண்ணன் பெயரைச் சொல்லி, திருப்பதி மேஸ்திரி கட்டியது என்றால் பத்து வருஷத்துக்கு விரிசல் தேட வேண்டாம் என்பார்கள்.

உண்மையிலேயே அழகான அறை. நீளம், அகலம், உயரம் எல்லாம் பதினாறடி. “எங்கிட்டு நின்னு பாத்தாலும் ஒரே அளவு. பெட்டகம் மாதிரி” என்றார். சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றியிருக்கிறார். என் முகம் தெரிந்தது. மதினி தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். தெருச் சத்தம் வராமலிருக்கச் சன்னல்களைச் சின்னதாக வைத்திருக்கிறார்.

அண்ணன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து நாளாயிற்று.

ஜூலை 12, வெள்ளி

ரேடியோ அறை திறப்பு விழா. தலைவர் சந்தனம் சேர்வை சரிகை அங்கவஸ்திரத்தோடு நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் அவரைச் சுற்றி ஜமக்காளத்தில். பெண்களுக்குப் பின்சுவரை ஒட்டித் திரை கட்டி இடம் விட்டிருந்தார்கள். ஹனீபா ராவுத்தர், ரேடியோ விற்றவர், அண்ணன் வயதுதான் இருக்கும், பெட்டியை மூலையில் பலகை மேல் வைத்துக் குமிழைத் திருப்பினார்.

யாரோ ஒருவர் பேச ஆரம்பித்தார். எனக்குக் கேட்டது பேச்சல்ல. பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் ‘ஓம் ஓம்’ என்பது போல இருந்தது. சுவர் அதிர்கிறதோ என்று முதுகை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் மதினி கண்ணை மூடி, பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றாக?” என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும்” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

ராவுத்தர் குமிழை அப்படியும் இப்படியும் திருப்பினார். சத்தம் குறைந்ததே தவிரத் தெளியவில்லை. தலைவர் நடுவிலிருந்து, “என்னய்யா, எனக்குக் கொசு பாடுற மாதிரி இருக்கு” என்றார். சுவர் ஓரத்தில் இருந்தவர்கள், “இடி இடிக்குதுங்க” என்றார்கள்.

ஒரே பெட்டி, ஒரே அறை. நடுவில் கொசு, ஓரத்தில் இடி. இது எப்படி?

ஜூலை 13, சனி

தெருவில் பாதி வீட்டில் ‘மண்ணெண்ணெய் இனிமேல் கிடைக்காது’ என்கிறார்கள். மீதிப் பாதி, ‘விலைதான் மாறும்’ என்கிறது. எல்லோரும் நேற்று அதே செய்தியைத்தான் கேட்டார்கள். கடையில் வரிசை. மதினி வரிசையில் நின்று இரண்டு புட்டி வாங்கி வந்துவிட்டாள். “நம்ம வீட்டுல கரண்டு இருக்கே” என்றேன். “எல்லாரும் வாங்குறாக” என்றாள்.

ஜூலை 17, புதன்

ராவுத்தர் கடையிலிருந்து இன்னொரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாராம். அதிலும் அதே அண்டாச் சத்தம். “இவர்கிட்ட இருக்கிறது எல்லாமே சொத்தை” என்று தலைவர் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டாராம். அண்ணன் சாப்பிடும்போது சொன்னார்: “பெட்டிய ஏமாத்திக் குடுத்துட்டான். என் அறைக்கு வந்த கேடு பாரு.”

ஹனீபா ராவுத்தர் ஏமாற்றுகிறவரா? போன வருஷம் என் வகுப்புக்கு மின்கலம் வாங்கப் போனபோது, “இது பழசு டீச்சரம்மா, அடுத்த வாரம் புதுசு வருது, வந்து வாங்கிக்கிருங்க” என்று திருப்பி அனுப்பியவர்.

ஜூலை 21, ஞாயிறு

ரமீஜா வந்திருந்தாள். ராவுத்தரின் மனைவி, அவள் மகள் என்னிடம் படிக்கிறாள். ஊரிலிருந்து, கட்டுமாவடியிலிருந்து, வந்த கருவாடு கொஞ்சம் கொண்டுவந்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவள். இன்று படியிலேயே நின்றாள்.

“கடைக்கு ஆளே வரமாட்டேங்குதுக்கா. கொண்டுபோன பெட்டியக்கூடத் திருப்பிக் கொண்டாந்து வெச்சிட்டுப் போறாக. மூடிட்டு ஊருக்கே போயிருவோம்ங்கிறாக இவுக.”

“அந்தப் பெட்டி கடையில எப்படிப் பாடுது?”

“மணி மாதிரி பாடுதுக்கா! நாந்தேன் கேட்டேனே. அங்கிட்டுக் கொண்டுபோனா மட்டும் என்னமோ ஆயிருது.”

அவள் போன பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கொண்டுபோனால் மட்டும். திறப்பு விழாவன்று மதினிக்குத் தண்ணீர் எடுக்க நான் அறைக்குக் குறுக்கே நடந்தேன். நடக்க நடக்க அந்த ‘ஓம்’ மெலிந்து, ஓரிடத்தில் இல்லாமலே போய், மறுபடி வந்தது. அப்போது கூட்டத்துக்குப் பயந்து தலையைக் குனிந்து போனேனே ஒழிய, நின்று கேட்கவில்லை.

கண்ணாடிக் குழாய்! நாம் எல்லோரும் கண்ணாடிக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கிறோம்!

ஜூலை 22, திங்கள்

பள்ளியில் ஓய்வு மணியில் கணக்குப் போட்டேன். எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பெட்டியிலிருந்து கிளம்பும் ஒலி சுவரில் முட்டித் திரும்பும். போகிற அலையும் வருகிற அலையும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். சுவருக்கும் சுவருக்கும் இடையில் அரை அலைகள் மிச்சமில்லாமல் அடங்கிவிட்டால், அந்த அலை நகர்வதாகவே தெரியாது. அங்கேயே நின்று முழங்கும். காலேஜ் புத்தகத்தில் இதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர். நான் நின்ற அலை என்று வைத்துக்கொள்கிறேன்.

கனத்த ஆண் குரலின் அடிச்சத்தம் கிட்டத்தட்டப் பத்தரை அடி நீளம். அதில் பாதி, ஐந்தடி சொச்சம், பதினாறடிக்குள் மூன்று தடவை அடங்கும். அப்படி நின்றால் சுவரோரம் குவியும்; நடு அறையில் ஒன்றுமிருக்காது. கொசுவும் இடியும்! நீளத்தில் மட்டும் என்றால் தாங்கலாம். அகலமும் பதினாறு, உயரமும் பதினாறு. மூன்று பக்கமும் ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. பெட்டியை வைத்த மூலையோ அதைக் கிளப்பிவிடுவதற்கென்றே பார்த்து வைத்தது போல. கண்ணாடியாக மெருகேற்றிய சுவர் எதையும் உறிஞ்சாது. வந்ததை வந்தபடி திருப்பி அனுப்பும்.

விடை வந்ததும் வந்த சந்தோஷம் பேனாவை மூடுவதற்குள் போய்விட்டது. ராவுத்தர் மேல் குற்றமில்லை என்றால், குற்றம் எதன் மேல்? அண்ணன் அறை மேல்.

ஜூலை 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சங்கத்தில் சொல்லாமல் முதலில் அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது சரிதானே? காப்பி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். அலை, சுவர், பதினாறடி. அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“ராவுத்தன் பெட்டி நல்ல பெட்டி. என் சொவருதான் கோணலு. அதானே?”

“கோணல் இல்லண்ணே. கோணலா இருந்திருந்தா நல்லா கேட்டிருக்கும்.”

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக்கூடாது. எழுந்துவிட்டார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “நான் படிக்க வெச்ச படிப்பு என் சொவரையே குத்தஞ் சொல்லுது.”

வேற என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். திட்டியிருக்கலாம். அதச் சொல்லியிருக்க வேணாம். பதினாறு வயசுல தாலி போயி நான் மூலையில கெடந்தப்ப, திருமயத்துச் சொந்தக்காரவுக அத்தன பேரும் வேணாம்னு நின்னாக. ‘எந்தங்கச்சி படிக்கும்’னு ஒத்த ஆளா என்னை பஸ்ஸுல ஏத்தித் திருச்சிக்குக் கூட்டிப்போனவர் அவரு. அந்தப் படிப்ப வெச்சுத்தானே இன்னைக்கு நான் நிமிந்து நடக்குறேன். அத வெச்சே அவர குனிய வெக்கிறேனா நான்? ஆனா தெரிஞ்சத எப்படித் தெரியாதுங்கிறது? ராவுத்தர் கடையை மூடிட்டுப் போறத வேடிக்கை பாக்கவா?

ஜூலை 24, புதன்

அண்ணன் என்னிடம் பேசவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார். ‘ரசம்’ என்று மதினியிடம் சொல்கிறார், ரசம் என் கையில் இருக்கிறது.

இன்று மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். என் மதினி பொன்னுத்தாய் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இன்றும் சத்தம் போடவில்லை.

“மழை வந்தா ஒழுகுதான்னு மேல ஏறிப் பாப்பீகள்ல? அது மாதிரி இதையும் போயிப் பாருங்க. வல்லி சொல்றது பொய்யின்னா அவ வாய மூடிக்கிருவா. நெசம்னா நீங்க மூடிக்கிருங்க. ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா நான் யாருக்குச் சோறு போடுறது?”

அண்ணன் ரசத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஜூலை 31, புதன்

விடிந்ததும் அண்ணன் அறைச் சாவியை எடுத்து, “வாங்க, பாத்துருவோம்” என்றார். யாரைக் கூப்பிட்டார் என்று தெரியாமல் நானும் மதினியும் சேர்ந்தே எழுந்தோம்.

ரேடியோ வேண்டாம் என்றேன். ஆள் பேச்சில் சத்தம் ஏறி இறங்கும், சோதனைக்கு உதவாது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வைத்திருக்கும் சங்கத்து ஹார்மோனியத்தை மூலைக்கு நகர்த்தினேன். கீழ்ஸ்வரங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒரு கட்டையில் கை வைத்ததும் அறை முழுவதும் எழுந்து உட்கார்ந்தது. அதுதான். மதினியை உட்கார வைத்து, “இதை மட்டும் அழுத்துங்க. விடாம, ஒரே சீரா துருத்திய ஊதுங்க” என்றேன். கச்சேரிக்கு உட்கார்ந்தவள் போல முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

“அண்ணே, சுவத்தோரமா நில்லுங்க.”

நின்றார். முழக்கம்.

“இப்ப மெதுவா நடுவுக்கு வாங்க.”

வந்தார். நடுவில் வந்ததும் நின்றுவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அடிச்சத்தம் கரைந்துபோய், ஹார்மோனியம் மூக்கால் இழுக்கிற சத்தம் மட்டும் மிச்சம். அண்ணன் ஓரடி பின்னால் வைத்தார், சத்தம் வந்தது. முன்னால் வைத்தார், போனது. தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார். மதினியைத் திரும்பிப் பார்த்தார், ஊதுவதை நிறுத்திவிட்டாளோ என்று. அவள் வேர்க்க வேர்க்க ஊதிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவராகவே நடக்க ஆரம்பித்தார். சுவருக்குப் போனார், வந்தார், குறுக்கே போனார். குனிந்தார். ஏணியைச் சாய்த்து ஏறினார். மேலே போய், “அட, இங்கிட்டும்ல இருக்கு!” என்று கத்தினார். என்னிடம் பேசுவதில்லை என்பது மறந்துபோய்விட்டது.

இறங்கிவந்து சுவரைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

“காத்துக்கு சன்னல் வெக்கிறோம், வெளிச்சத்துக்கு வெக்கிறோம். சத்தம் எங்கிட்டுப் போகும்னு ஒரு பய யோசிக்கலையே” என்றார்.

கதவைப் பூட்டும்போது, “ராவுத்தர வேற திட்டிட்டாக” என்றார். ‘ராவுத்தன்’ இல்லை, ராவுத்தர்.

ஆகஸ்டு 4, ஞாயிறு

கூட்டத்தைக் கூட்டியது அண்ணனேதான். வேண்டாம், தனியாகத் தலைவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். “எல்லாரு முன்னாடியும் ஒரு ஆள ஏசிட்டு, தனியா வந்து இல்லைங்கிறதா?” என்றார்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். ராவுத்தரை அண்ணன் கடைக்கே போய்க் கூட்டிவந்தார். மதினி மறுபடி ஹார்மோனியத்தில். பெரியவர்கள் எல்லோரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, தொலைந்த காசைத் தேடுகிறவர்கள் போல அறை முழுக்க மெல்ல நடந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். “ஏ, இங்க இல்ல!” “இங்கிட்டு வா, இங்க கொட்டிக் கெடக்கு!” என் வகுப்புப் பெண்கள்கூட இவ்வளவு கூச்சல் போட்டதில்லை. திரைக்குப் பின்னாலிருந்த பெண்களும் ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் காதில்தான் கவனம்.

பிறகு ராவுத்தர் பெட்டியைத் தூக்கிக் கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் வைத்தார். செய்தி வாசிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தலைவர் அதை முழுதும் கேட்டார். அப்புறம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, “ராவுத்தரே, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மனசுல வெச்சுக்கிறாதீக” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றார் ராவுத்தர். பெட்டியின் குமிழைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் சொன்னது இதுதான்: “கட்டுனது நானு. தப்பு சொவருல. சரிபண்ணித் தாரேன்.” குனிந்து சொல்லவில்லை. நிமிர்ந்துதான் சொன்னார்.

ஆகஸ்டு 6, செவ்வாய்

மேற்குச் சுவரில் முதல் கடப்பாரை அண்ணனே போட்டார். நான் பார்க்கப் போகவில்லை. பள்ளியில் இருந்தேன். வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

ஆகஸ்டு 11, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் கரித்துண்டால் தரையிலேயே படம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். மேற்குச் சுவர் போன இடத்தில் பக்கத்துத் தாழ்வாரத்தையும் அறையோடு சேர்த்துவிடலாம், நீளம் கூடிவிடும். மேலே மூங்கில் தட்டியைச் சரிவாகக் கட்டிவிட்டால் உயரம் ஓரிடத்தில் போல் ஓரிடத்தில் இருக்காது. அலை எங்கேயும் நிற்கத் தோதில்லாமல் போகும். பின்சுவரில் புத்தக அலமாரி. பெட்டியை மூலையிலிருந்து எடுக்க வேண்டும்.

“தட்டிக்குப் பின்னால பஞ்சு வெச்சா?” என்று அண்ணன் கேட்டார். நான் யோசிக்காதது. நல்ல யோசனை.

“தரையைக் கழுவுறது யாரு?” என்று மதினி கேட்டாள்.

ஆகஸ்டு 30, வெள்ளி

மறுபடி திறந்தார்கள். மாலை இல்லை, பேச்சு இல்லை. மழை வேறு. ஆனாலும் இடம் போதவில்லை.

முழக்கம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது, அண்ணனும் கண்டுபிடித்துவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் சொல் கேட்கிறது. திருச்சியிலிருந்து ஒரு அம்மாள் பாடினாள். வீணையின் கீழ்த்தந்தியை ஒருவர் மீட்ட, அது வந்து, நின்று, ஓய்ந்து போவதுவரை கேட்டது. மதினி இன்றும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றாக?” என்று வேண்டுமென்றே கேட்டேன். “பேசாம இரு, பாட்டுக் கேக்கணும்” என்றாள்.

ரமீஜா மகளோடு வந்திருந்தாள். கடையில் மூன்று பேர் பெட்டி கேட்டு வந்தார்களாம்.

பழைய மெருகில் பாதி போய்விட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

நல்ல மழை. சோளப்பணியாரம். வகுப்புக் கட்டுரைகள் திருத்தினேன். பேய் பார்த்த பெண் முதல் மார்க்கு.

1941 ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் கரும்பு இன்னும் தீரவில்லை. காலையில் ஆவுடையார்கோவிலிலிருந்து இருவர் அண்ணனைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊரிலும் சங்கம் வைத்து ரேடியோ வாங்குகிறார்களாம், பேட்டரியில் ஓடுகிற பெட்டி. கேட்பதற்கு ஒரு அறை கட்ட வேண்டும். “மேஸ்திரிதான் வந்து அளவு போட்டுத் தரணும்” என்றார்கள்.

நான் உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, நிலைப்படி ஓரமாக நின்றேன். அண்ணன் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எந்தங்கச்சி. டீச்சரா இருக்காக. நீளம், அகலம், உசரம் எல்லாம் இவுக சொல்லுவாக. இவுக சொன்னபடி நான் கட்டுவேன்.”

வெளியாட்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது எப்போதும் ‘இது’ என்பார், ‘எங்க புள்ள’ என்பார். ‘இவுக’ என்று மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது, மதினிக்கும் கேட்டிருக்கிறது.

வந்தவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சொல்லுங்கம்மா, எத்தனை அடி போடலாம்?” என்றார்.

உட்கார்ந்தேன். “எத்தனை பேரு உக்காருவாக? பொம்பளைங்க எங்கிட்டு உக்காருவாக? அதச் சொல்லுங்க முதல்ல” என்றேன்.